மஞ்சப்பையா, ஆபா எண்ணா?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் காய்ச்சலென்றால் பாலக்காடு, பெரிய வைத்தியமென்றால் கோயம்புத்தூர். கூடவே மஞ்சப்பை: எக்ஸ்ரே, ஸ்கேன், மடித்து மடித்துக் கிழிந்த ஓ.பி. சீட்டு. எந்த டாக்டரும் உடனே பிரித்துப் பார்க்கலாம், சிக்னல் வேண்டாம். பஸ்ஸில் விட்டுவிட்டால் போச்சு.

2021-இல் நாடு முழுவதும் தொடங்கிய மத்திய அரசின் டிஜிட்டல் மருத்துவத் திட்டத்தில், நம் மருத்துவப் பதிவுகளை இணைக்கத் தரும் 14 இலக்க ஆபா (ABHA) எண்ணுக்கு அந்தப் பயமில்லை, மாநில எல்லையும் தடையில்லை. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நாம் போனில் சம்மதித்தால்தான் அடுத்த டாக்டருக்குத் தெரியும். ஆனால் இரண்டு மருத்துவமனைகளும் அதில் சேர்ந்து, பதிவை எண்ணோடு இணைத்திருக்க வேண்டுமே! சின்ன கிளினிக்கில் இன்னும் கையெழுத்துச் சீட்டுதான்.

சர்க்கரை, பிரஷருக்கு மாதாமாதம் போகிறவர்கள் ஆபா எடுப்பது நல்லது. ஸ்கேன் பிலிம் பையிலேயே இருக்கட்டும். அப்புறம், பாட்டியின் ஓ.டி.பி. பேரன் போனுக்கு வருகிற வீடா? சீட்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.