புழு முட்டை கேட்டுப் போனேன், கிளாஸ் எடுத்து அனுப்புனாரு (4 ஸ்டார்)
காட்பாடி காந்தி நகர் பக்கம் ஒரு சின்ன குடல் கிளினிக், பேரு வேணாம். எனக்கு ஏழு வருஷமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது நம்ம எதிர்ப்பு சக்தியே பெருங்குடல புண்ணாக்குற நோய், அதுக்கு மெசலமின்னு மருந்து போட்டுக்கினே கிடக்கேன், நெட்ல எவனோ புழு முட்டை குடிச்சா சரியாவும்னு போட்டிருந்தான், கேட்டுடலாம்னு போனா ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சிட்டாங்க, ஃபேன் வேற ஓடல, வேலூர் மே மாச வெயிலு சொல்லணுமா. ஒரு ஸ்டார் அதுக்குத்தான் கட்.

ஆனா டாக்டர் சிரிக்கல, அதான் புடிச்சுது. பன்னியோட சாட்டைப்புழு முட்டை 2500, மூணு வாரத்துக்கு ஒருதபா, அமெரிக்காவுல குரோன்ஸ்னு இன்னொரு குடல் நோய் இருக்குற 29 பேருக்கு குடுத்துப் பார்த்து 2005ல வந்த ரிசல்ட் சூப்பராம், ஆனா டம்மி மருந்து குரூப்பே வைக்கலயாம், அப்புறம் டம்மியோட ஒப்பிட்டு பெருசா பண்ணது 2013ல ஊத்திக்கிச்சு.

இப்ப முழு புழுவ விட்டுட்டு, அது நம்ம எதிர்ப்பு சக்திய ஏமாத்த கக்குற சரக்க மட்டும் ஆராயுறாங்களாம். இஎஸ்-62ன்னு ஒரு புரோட்டீன், யானைக்கால் புழுவோட பங்காளி ஒண்ணு எலி வகையறாவுல இருக்கு, அதுல எடுத்தது. ஸ்காட்லாந்துல எலிக்குப் போட்டா மூட்டுவாதம் குறையுது, அதுல ஒட்டியிருக்குற பாஸ்போரில்கோலின்ங்குற துணுக்குதான் காரணம்னு அதே மாதிரி சின்ன மாலிக்யூலும் செஞ்சிருக்காங்க, எல்லாம் எலி லெவல்தான்.

"நெட்ல முட்டை கிட்டை வாங்கிடாதபா, மெசலமின நிறுத்தாத"ன்னாரு. பிப்ரவரி 10 ஆனா ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு பூச்சி மாத்திரை குடுக்குற ஊர்ல நான் பூச்சி கேட்டு நின்னேன் பாருங்க. ஃபீஸ் 400, போறவங்க சாயங்காலமா போங்க.