கோவை ரத்த உறைவு கிளினிக்: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

என் பெரியவளுக்கு வயது 14. சின்னதிலிருந்தே சில்லுமூக்கு உடைந்தால் சீக்கிரம் நிற்காது. சூட்டு உடம்பு என்று மோரும் வெந்தயமும் கொடுத்தே ஓட்டிவிட்டேன். வயதுக்கு வந்தபின் மாதம் ஒன்பது நாள் போக ஆரம்பித்து, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியதும்தான் பயம் பிடித்தது.

முதலில் திருப்பூரில் ஒரு கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற புரதத்தைப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தோம். அந்தப் பையன் ட்யூபை ஐஸ் டப்பாவில் செருகினான். கெட்டுப்போகாமல் இருக்கத்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன். ரிசல்ட் 6 சதவீதம். ரெண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கோவை டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்ததும் கேட்டது, "ஐஸ்ல வெச்சாங்களாம்மா?" பிளாஸ்மாவைப் பிரிக்கும் முன்பே ரத்தத்தைக் குளிர வைத்தால் இந்தப் புரதம் பொய்யாகக் குறைவாகக் காட்டுமாம். பதற்றமாக இருந்தாலோ ஏறிவிடுமாம். மகளை அரை மணி நேரம் சும்மா உட்காரவைத்து, அங்கேயே எடுத்து அங்கேயே பார்த்தார்கள். 24. குறைவுதான், ஆனால் 6 இல்லை.

ஜீன் டெஸ்ட்டுக்கு நாலு வாரம் என்றார்கள், ஏழு ஆனது. ஏழு பக்க ரிப்போர்ட், ஒரு வரி தமிழ் கிடையாது. ஒரு ஸ்டார் அதுக்குத்தான் போச்சு.

ஆனால் கவுன்சலிங்கில் இருந்த பெண் தங்கம். நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர் என்றதும் நூலிலேயே சொல்ல ஆரம்பித்தார். ரத்தக்குழாயின் உள்சுவர் செல்கள் இந்தப் புரதத்தை நீளமாகக் கோத்து, இறுக்கிச் சுருட்டி, சுருட்டு வடிவப் பைகளில் அடுக்கி வைக்குமாம். 1964-ல் கண்டுபிடித்த ரெண்டு பேர் பெயரில் அதற்கு வைபல்-பலாடி உறுப்பு என்று பெயர். காயம் பட்டால் பை திறந்து நூல் விரியும், தட்டணுக்கள் வந்து அதில் ஒட்டும். என் மகளுக்கு 12-ஆம் குரோமோசோமில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரதம் சரியாக மடியாமல், செய்த இடத்திலேயே தேங்குகிறது. கூடச் சேர்ந்த நல்ல புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

"அப்ப நூல் இருக்குங்க, கோன்ல ஏறலை?"

"பாதி ஏறுதுக்கா. சில பை குட்டையா, உருண்டையாப் போயிடுது."

பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டெஸ்மோபிரெசின் டிரிப் போட்டார்கள். இருக்கிற ஸ்டாக்கை வெளியே தள்ளும் மருந்து அது. மகள் முகம் சிவந்துபோச்சு, வேறொன்றும் இல்லை. ஒரு மணி நேரத்தில் 58, நாலு மணி நேரத்தில் 49. பல் பிடுங்க இது போதுமாம். மாதவிலக்குக்கு டிரானெக்சாமிக் மாத்திரை. டிரிப் போட்ட நாள் தண்ணீரை அளந்துதான் குடிக்கணும். இதை நர்ஸ் மூன்று தடவை சொன்னார்.

கிளம்பும்போது அந்தக் கவுன்சலிங் பெண் என் பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். ரெண்டு தடவையும் பத்து நாள் கழித்துத்தான் ரத்தம் கொட்டியது, பலவீனம் என்றார்கள் என்றேன். கர்ப்பத்தில் இந்தப் புரதம் தானாகவே ஏறும், பிள்ளை பெற்றபின் இறங்கும் என்று சொல்லி எனக்கும் டெஸ்ட்டுக்கு ஒரு சீட்டு எழுதினார்.

வியாழக்கிழமை மட்டும்தான் பார்க்கிறார்கள். அடுத்த வியாழன் எனக்கு எடுக்கிறார்கள். ரிசல்ட் வந்ததும் இதே இடத்தில் போடுகிறேன்.