பைபாயின் டாட்டூ: 12,500 பேசோ போச்சு, கையில தப்பான எழுத்து நிக்குது, யாரும் ஏமாறாதீங்க

நேத்து ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல. கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், நீளமா போனா பொறுத்துக்குங்க. ஃபிலிப்பைன்ஸ்ல, மணிலாவுல வேலை பார்க்குற நம்மாளுங்க, இங்க மெடிக்கல் படிக்க வந்திருக்குற பசங்க எல்லாம் ஞாபகத்துக்குன்னு பைபாயின்ல, அதாவது இந்த ஊர் பழைய எழுத்துல, டாட்டூ போட ஆசைப்படுறாங்க, அவங்களுக்காகத்தான் இது.

நான் மக்காட்டில ஆபீஸ் வேலை, வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. வீட்டுக்காரி பத்தாங்காஸ் பக்கம், தகாலோக் பாஷை பேசுற குடும்பம். அவங்கம்மா தவறி ரெண்டு மாசம்கூட ஆகல. பேரு லிகாயா, அவங்க பாஷையில ஆனந்தம்னு அர்த்தம். எங்க கல்யாணத்துக்கு என் வீட்டுலேர்ந்து ஒருத்தரும் வரல, அந்தம்மாதான் 'அனாக்'னு, அதாவது பிள்ளைன்னு கூப்பிட்டு என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க. எனக்குக் காய்ச்சல்னா இஞ்சி தட்டிப்போட்டு கோழிக்கஞ்சி வச்சு பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போவாங்க. அவங்க 40ஆம் நாள் ஜெபத்துக்குள்ள 'நானாய் லிகாயா'ன்னு கையில போட்டுக்கணும்னு மனசுல விழுந்துச்சு. நானாய்னா அம்மா.

பெரிய மால்ல இருக்குற ஒரு டாட்டூ ஸ்டூடியோ. டி.டி.ஐ-ல, அதான் இங்க நுகர்வோர் புகார் வாங்குற அரசாங்க ஆபீஸ், அங்க புகார் குடுத்திருக்கேன், அதனால பேரு போடல. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரு பூரா போட்டோ. டாட்டூ போடுறவன் கழுத்துலயே பைபாயின் எழுத்து இருந்துச்சு. நான் ரெண்டு தடவ கேட்டேன் சாமி, ஸ்பெல்லிங் கரெக்டா இருக்குமான்னு ரெண்டு தடவ கேட்டேன். அவன் நெஞ்சுல கைய வச்சு, 'இது என் பாட்டன் எழுத்து சார், இதுல நான் தப்பு விடுவேனா'ன்னான். அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். அதுக்கப்புறம் எதுவும் கேக்கத் தோணல. டேப்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணான், டக்குனு பழைய எழுத்தா வந்துச்சு, ஸ்டென்சில் எடுத்து முன்னங்கையில ஒட்டினான், என் வீட்டுக்காரி அதப் பார்த்து அழுதுட்டா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இங்க முக்காவாசிப் பேருக்குத் தெரியாது, எல்லாம் ரோமன் எழுத்துலயே படிச்சு வளர்ந்தவங்க. எழுத்துக்கு 10,000, சுத்தி 'ஒரிஜினல் ட்ரைபல் பார்டர்' போட 2,500, ஆக மொத்தம் 12,500 பேசோ. நம்ம பணத்துல பதினேழாயிரத்துக்கு மேல வருது.

ஞாயித்துக்கிழமை 40ஆம் நாள். ஜெபம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கோம், மாமனார் என் கையப் புடிச்சு எழுத்து மேல விரல வச்சுத் தடவிட்டே இருந்தாரு. என் கொழுந்தியா பொண்ணு டீச்சர் படிப்பு படிக்குது, பைபாயின் தனியா கத்துக்கிட்ட பொண்ணு, ஆசையா வந்து சத்தமா படிச்சுது. ந... ஆ... ந... ஆ... ய... அப்படியே நிறுத்திடுச்சு. 'மாமா, இத யாரு போட்டாங்க?'ன்னு மெதுவா கேட்டுச்சு. மாமனார் கைய எடுத்துட்டாரு.

என்ன தப்புன்னா, பைபாயின் நம்ம எழுத்து மாதிரியேதான், பிராமி வழியில வந்தது. உயிர் 3, மெய் 14, மொத்தம் 17 எழுத்து. ஒவ்வொரு மெய்யிலயும் அகரம் உள்ளயே இருக்கு, 'ந'ன்னு போட்டாலே ந-தான், பக்கத்துல இன்னொரு 'அ' போடக்கூடாது. மேல ஒரு குறி வச்சா இ, கீழ வச்சா உ, அந்தக் குறிக்கு குட்லித்னு பேரு. லி-ன்னா 'ல' மேல ஒரு குட்லித், அவ்வளவுதான். அவன் என்ன பண்ணியிருக்கான், இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல இருக்குற 11 லெட்டருக்கும் 11 எழுத்து போட்டு வச்சிருக்கான். நஆநஆய லஇகஆயஆ. நம்ம 'லி'ய 'லஇ'ன்னு யாராவது எழுதினா எப்படி இருக்கும், அதான் என் கையில இருக்கு, அதுவும் செத்துப்போன அம்மா பேருல.

மறுநாளே கடைக்குப் போனேன். 'சார், ட்ரெடிஷனல்ல க்ருஸ் கிடையாது, அதான் உங்களுக்கு வித்தியாசமா தெரியுது'ன்னான். க்ருஸ்னா நம்ம புள்ளி மாதிரி, 1620 வாக்குல ஃப்ரான்சிஸ்கோ லோபஸ்னு ஒரு ஸ்பானிஷ் பாதிரியார் சிலுவை வடிவத்துல கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி கடைசி மெய்ய எழுதாமயே விட்டுடுவாங்க. சரி, அந்தப் பழைய முறையிலயே எழுதட்டும், ந ந லி க ய, 5 எழுத்து. க்ருஸ் வச்சு ய் சேர்த்தா 6. எந்தக் கணக்குல 11 வரும்? பதில் இல்ல. மேனேஜர் வந்தாரு, 'ஸ்டென்சில் ஓகேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே'. படிக்கத் தெரியாதவன்கிட்ட வாங்குன கையெழுத்து அது! செவ்வாய்க்கிழமை மெசேஜ் போட்டேன், 'ஆர்ட்டிஸ்ட்டோட ஸ்டைல் அது சார்'னு வந்துச்சு. புதன்கிழமை 'ஃப்ரீயா டச்-அப் பண்ணித் தரோம்'. தப்பான எழுத்த இன்னும் அழுத்தமா வரையுறதுக்குப் பேரு டச்-அப்பா? நேத்து ப்ளாக் பண்ணிட்டாங்க. 12,500 பேசோ, ஒரு பைசா திரும்ப வரல.

அந்த பார்டர் இன்னொரு அநியாயம். அது இந்த நாட்டு வடக்கு மலையில இருக்குற காலிங்கா ஜனங்களோட 'பாதோக்'ங்கற பச்சை குத்துற டிசைன். புஸ்காலன் ஊர்ல வாங்-ஓட் பாட்டி முள்ளையும் கரியையும் வச்சுத் தட்டித் தட்டிப் போடுறாங்களே, 2023 ஏப்ரல்ல 106 வயசுல வோக் ஃபிலிப்பைன்ஸ் அட்டையில வந்தாங்களே, அந்த மரபு. அதுல எழுத்தே கிடையாது, உருவங்கள்தான். அதுலயும் ஆம்பளைங்களுக்குன்னு இருக்குற சிலது சண்டையில தலை எடுத்தவன் மட்டும் போட்டுக்கிட்டது. பைபாயின் கீழ்நாட்டு தகாலோக் எழுத்து. ரெண்டையும் ஒட்டவச்சு 'ஒரிஜினல்'னு 2,500 வாங்கிட்டான். காலிங்காக்காரங்க பார்த்தா அவங்க மனசு என்ன பாடுபடும்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப முடியல, சுருக்கமா சொல்றேன். கடைக்காரன் 'அலிபாட்டா'ன்னு சொன்னா உஷாரா இருங்க, அது 1914-ல அரபி எழுத்து வரிசைய வச்சு ஒருத்தர் கட்டின பேரு, நல்லா தெரிஞ்சவங்க பைபாயின்னுதான் சொல்வாங்க. டைப் பண்ணி வர்றத அப்படியே குத்த விடாதீங்க, ஃபாண்ட்ல ஒரு கீ மாறினாலும் எழுத்து மாறிடும். எழுத்த எண்ணிப் பாருங்க, இங்கிலீஷ் லெட்டர் எத்தனையோ அத்தனை எழுத்து இருந்தா எந்திரிச்சு வந்துடுங்க. ஸ்டென்சில போட்டோ எடுத்து, படிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட அர்த்தம் சொல்லாம காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. முழுப்பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க, நான் குடுத்தேன், 12,500.

லேசர்ல எடுக்க பல சிட்டிங் ஆகுமாம், அதுக்கு இதவிட ஜாஸ்தி கேக்குறாங்க. முழுக்கை சட்டை போட்டுக்கிட்டுதான் ஆபீஸ் போறேன். உங்க யாருகிட்டயாவது ஸ்டென்சில் போட்டோ இருந்தா எனக்கு அனுப்புங்க, என் கொழுந்தியா பொண்ணு பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கு, காசெல்லாம் வேணாம். ஊசி இறங்குறதுக்கு முன்னாடி அனுப்புங்க.