கண்ணுக்குச் சேதாரம் எவ்வளவு?

எங்கள் வீட்டில் வெள்ளி வேலை. சேலம் சிவதாபுரத்தில் அப்பாவுக்குச் சின்னப் பட்டறை. கொலுசுக்குச் சலங்கை வைத்துப் பற்றவைத்து, மெருகு போட்டு, செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். கணக்கு எழுதுவதும் சரக்கைச் சரிபார்ப்பதும் என் வேலை. எட்டாம் வகுப்பில் மாட்டிய கண்ணாடி 29 வயது வரை முகத்தைவிட்டு இறங்கவில்லை. வலது கண் மைனஸ் 4.50, இடது மைனஸ் 5.25, கூடவே, கருவிழி வளைவு சீராக இல்லாததற்குக் கொஞ்சம் சிலிண்டர் பவர். போன தை மாதம், கண்ணாடியை விட, சேலத்திலேயே கண்ணில் லேசர் செய்துகொண்டேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்வளவு ஆச்சு, வலிச்சுதா" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி மாளவில்லை.

மருத்துவமனை பெயரைப் போடவில்லை. டாக்டரைப் பற்றி நல்லதும், பணம் பேசும் ஆளைப் பற்றிக் கடுப்பும் சேர்ந்தே வரப்போகிறது. பெயரைப் போட்டால் ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பேச்சு வாங்குவார்.

"கல்யாணத்துக்கா மேடம்?" கவுன்சலிங் அறையில் என்னைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஹெல்மெட்டுக்கு என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. கண்ணாடியோடு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தினமும் கொண்டலாம்பட்டி பைபாஸில் வண்டி ஓட்டிப் பார்த்தால் தெரியும். தண்டு காதுக்கு மேலே அழுத்தி, வீட்டுக்கு வரும்போது நெற்றிப்பொட்டு வலிக்கும். மழை வந்தால் இரண்டு கண்ணாடியில் எதைத் துடைப்பது? ஏற்காட்டுக்குப் போனால் பாதி நேரம் பனிமூட்டத்தைப் பார்க்கிறேனா, என் கண்ணாடியில் படிந்த ஆவியைப் பார்க்கிறேனா என்றே தெரியாது.

விலைக்கு வருவோம். எனக்குச் சொன்னது மூன்று விதம். எல்லாமே இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. பிளேடால் கருவிழியின் மேல்தோலைத் திறக்கும் பழைய லேசிக் 35,000. அந்தத் திறப்பையும் லேசரே செய்யும் ஃபெம்டோ லேசிக் 72,000. மேல்தோலைத் திறக்காமல் சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு சில்லை உருவி எடுக்கும் ஸ்மைல் 1,10,000. கோயம்புத்தூரில் விசாரித்ததில் ஃபெம்டோவுக்கே 85,000 சொன்னார்கள், போய் வரும் செலவு தனி. அறுவைக்கு முந்தைய பரிசோதனைக்கு 2,500 தனியாக வாங்குகிறார்கள். அதைக் கொடுக்க முதலில் மனசே வரவில்லை. இப்போது கேட்டால், மொத்தச் செலவில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று சொல்வது அந்த 2,500ஐத்தான்.

ஏனென்றால் என் சித்தி பெண்ணும் என்னோடு வந்தாள். அவளுக்கு மைனஸ் 3தான், என்னைவிடக் குறைவு. ஸ்கேனில் கருவிழியின் கீழ்ப்பக்கம் மெலிந்து கூம்பு மாதிரி துருத்த ஆரம்பித்திருப்பது தெரிந்தது. கெரட்டோகோனஸ் என்றார்கள். சின்ன வயதிலிருந்து அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக் கசக்கி வளர்ந்தவள் அவள். கசக்கும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டாம். "உனக்கு லேசர் கூடவே கூடாது, முதலில் கசக்குவதை நிறுத்து" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அழுதுகொண்டேதான் வந்தாள். ஆனால் அந்தக் கண்ணில் லேசர் பட்டிருந்தால் இன்னும் மெலிந்து, கண்ணாடி போட்டாலும் திருந்தாத பார்வை ஆகியிருக்கும்.

அதற்கு முன்னால் வேறொரு இடத்துக்கும் போயிருந்தேன். கல்யாணம் காட்சிக்கு மட்டும் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுவேன். இரண்டு நாள் முன்புதான் கழற்றினேன் என்று சொல்லியும், "பரவாயில்லை, இன்னைக்கே ஸ்கேன் பண்ணிடலாம்" என்றார்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றிவைத்திருக்கும், கழற்றி ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் உண்மையான அளவு கிடைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் செய்துகொண்ட இடத்தில் லென்ஸ் என்று வாயைத் திறந்ததுமே "இரண்டு வாரம் கழித்து வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று எரிச்சல்தான் வந்தது.

பரிசோதனை நாள் காலை ஒன்பதுக்குப் போய் மூன்றரைக்கு வந்தேன். கண் பாவை விரிய சொட்டு விட்டு விழித்திரை வரை பார்த்தார்கள். மைனஸ் பவர்காரர்களுக்குக் கண் நீளவாக்கில் வளர்ந்திருப்பதால் விழித்திரை ஓரத்தில் ஓட்டை விழ வாய்ப்பு அதிகம், லேசர் செய்தாலும் கண்ணின் நீளம் மாறாது, வருஷம் ஒரு தடவை வந்து காட்டவேண்டும் என்றார்கள். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கக் கீழிமையில் காகிதத் துண்டு ஒன்றை மாட்டி ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். எனக்கு 14 மில்லிமீட்டர் நனைந்தது. வெளியே வந்து ஐந்து ரோட்டில் நின்றால் வெயில் கண்ணைக் குத்துகிறது, வருகிற பஸ்ஸின் பலகை தெரியவில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள்.

டாக்டர் எனக்கு விளக்கிய விதம் இன்னும் மனதில் நிற்கிறது. என் தொழிலைக் கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். இடது கருவிழியின் தடிமன் 531 மைக்ரான், ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். அதில் மேலே திறக்கும் மூடிக்கு 110. பவரைச் சரிசெய்யச் செதுக்குவது சுமார் 80, பவரின் ஓர் அலகான ஒரு டயாப்டருக்குப் பதினைந்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 341. "250க்குக் கீழே இறங்கவே கூடாது. உங்களுக்கு நிறைய இருக்கு" என்றார். நான் விடாமல், "அப்போ 80 சேதாரம்" என்றேன். "சேதாரம்தான். கடையில் கொடுக்கிற மாதிரி திரும்ப வராது" என்றார். தகடு அளவுக்கு மேல் மெலிந்தால் கொக்கி பிய்த்துக்கொண்டு வரும் என்பது பட்டறையில் சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்படி ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு, வெளி அறையில் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ஸ்கேன் ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா 5,000 குறையும், மாசக் கடைசி வரைக்கும்தான் ஆஃபர்" என்று கவுன்சலர் ஆரம்பித்துவிட்டார். கண் லேசருக்குத் தகுதியா இல்லையா என்றே தெரியாதபோது எதற்கு அட்வான்ஸ்? ஸ்மைலுக்கு மாறச் சொல்லி இரண்டு தடவை வற்புறுத்தினார். உங்களுக்கு எதுவானாலும் சரி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அடங்கினார். தள்ளுபடி எனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். பிற்பாடு கட்டியது முழுசாக 72,000.

காப்பீடு எடுத்திருக்கிறேன், ஏஜென்ட் அண்ணன் "கிளெய்ம் ஆகும்மா" என்று அடித்துச் சொன்னார். பாலிசியை எடுத்துப் படித்தால், 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைத் திருத்தும் செலவு கிடையாது என்று விலக்குப் பட்டியலில் அச்சிட்டிருக்கிறது. எனக்கு 5.25. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அறுவை நாளைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். கண்ணை மரக்கவைக்கும் சொட்டு, இமையை மூடாமல் பிடிக்க ஒரு கம்பிக் கிளிப். முதல் இயந்திரத்தில் ஒரு வளையத்தைக் கண்மேல் வைத்து உறிஞ்சிப் பிடிக்கும்போது பார்வை அப்படியே இருண்டு போகும். வலி இல்லை, கனமான கட்டைவிரல் ஒன்று கண்ணை அமுக்குவது மாதிரி. எனக்கு அந்த இருட்டுதான் பயம். "கண்ணு, தலையை அசைக்காதீங்க, இருபது எண்ணுங்க" என்று நர்ஸ் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டில் வெளிச்சம் வந்தது.

அடுத்த இயந்திரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று மினுக்கும், அதையே பார்க்கவேண்டும். டாக்டர் மூடியைத் திறந்ததும் புள்ளி கலங்கிப் பெரிய பூசணம் மாதிரி பரவியது. டக்டக்கென்று சத்தம். கூடவே ஒரு வாசனை. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. பற்றவைக்கும் தீ பக்கத்தில் குனியும்போது முன்முடி பொசுங்குமே, அதே வாசனை. கண் தீய்கிறதோ என்று வயிறு கலங்கியது. "தீயலை, இது சுடாத லேசர்" என்றார் டாக்டர். அப்புறம் தேடிப் படித்தேன். எக்சைமர் என்கிற இந்தப் புறஊதா லேசர் சூட்டால் வெட்டுவதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்துத் துகளாகப் பறக்கவிடுகிறது. ஒரு துடிப்புக்குப் போவது மைக்ரானில் கால் பங்கு. 1981 நவம்பரில் ஐபிஎம் ஆய்வகத்தில் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் இதை அடித்துப் பார்த்து, சுற்றுப்புறம் கருகாமல் வெட்டுகிறது என்று கண்டவர் ரங்கசாமி சீனிவாசன், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கண்ணுக்குள் போனது நம்ம ஊர்க்காரர் சமாச்சாரம் என்று தெரிந்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

உள்ளே போய் வெளியே வர இருபது நிமிஷம் ஆகவில்லை. அன்று மாலை வரை கண்ணில் மிளகாய்க் கையை வைத்த மாதிரி எரிச்சல், தண்ணீராகக் கொட்டியது. தூங்கி எழுந்தால் போய்விட்டது. மறுநாள் காலை, பார்வை முழுசாகச் சரி என்று காட்டும் 6/6 வரி படித்தேன். ஒரு வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது, தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி, மூன்று வாரம் பட்டறைப் பக்கம் வரக் கூடாது.

இனி சொல்வதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அல்லது சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. ஒன்று, வறட்சி. மூடி திறக்கும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுவதால் மாதக்கணக்கில் கண் காயும். நான்கு மணி ஆனால் இமைக்குள் மணல். ஆறு பாட்டில் செயற்கைக் கண்ணீர் தீர்ந்திருக்கிறது, பாட்டில் 350. ஆரம்பத்து மருந்து 1,640. எல்லாம் கூட்டினால் 78,240.

இன்னொன்று இரவு வெளிச்சம். இரண்டாவது மாதம் ஏற்காடு போனோம். பனிமூட்டத்தில் முகம் மட்டும் நனைய நின்றது சுகம். ஆனால் லேடீஸ் சீட் என்கிற மலைமுனையிலிருந்து சேலத்தைப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வளையம், ஊருக்கே சலங்கை கட்டிவிட்ட மாதிரி. பார்க்க அழகுதான். இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் எதிரே வந்த ஹெட்லைட் அழகாக இல்லை. வண்டியை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஐந்தாம் மாதத்துக்குள் வளையம் முக்கால்வாசி மறைந்துவிட்டது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. மைனஸ் 5 கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் தூரம் 20 சென்டிமீட்டர், ஒரு சாண். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சாணில் பிடித்துச் சலங்கைக் கண்ணியைப் பார்ப்பேன், பற்று விட்டிருந்தால் மயிரிழையும் தப்பாது. கண்ணை இடுக்கவே வேண்டாம். இப்போது அதே தூரத்தில் தெரியாமல் இல்லை, ஆனால் கண் உழைத்துத்தான் பார்க்கிறது. ஐம்பது ஜோடி பார்த்தால் நெற்றி வலிக்கிறது. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து எனக்கும் வரும், அப்போது கழற்றிப் பார்க்கக் கண்ணாடியும் இருக்காது. டாக்டர் இதைச் சொன்னார், உண்மை. எனக்கு அன்றைக்கு ஹெல்மெட் மட்டும்தான் ஞாபகம். நுணுக்க வேலை செய்பவர்கள், தையல்காரர்கள், இதை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் விலையைக் கேளுங்கள்.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. கவுன்சலிங் அறைக்கு ஒன்று, அதுவும் காபி கொடுத்ததற்காக. திரும்பச் செய்வேனா என்றால், செய்வேன்.

செவ்வாய்ப்பேட்டையில் 450 ரூபாய்க்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன், மேலே சொன்ன கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அது பெரும்பாலும் மேஜை டிராயரில் கிடக்கிறது. அப்பாவுக்கு 57 வயது, மைனஸ் 4. கடைசிச் சரிபார்ப்பை அவரே எடுத்துக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொலுசை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இந்தக் கண்ணி பற்றலை பாரு" என்று என் பக்கம் தள்ளுகிறார். சரியானதை எல்லாம் துணியில் சுற்றி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கடைக்கு எடுத்துப் போகிறேன் நான்.