பேங்க் எக்ஸாமுக்கு இங்கிலீஷ் கிராமர் கோர்ஸ் வாங்கப் போறீங்களா, மொதல்ல ஆன்சர் கீய கேளுங்க

ஐபிபிஎஸ் கிளார்க் எக்ஸாமுக்குப் படிக்கிற புள்ளைங்க நிறைய பேரு இப்ப ஆன்லைன் கிராமர் பிராக்டிஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டுறாங்க. டெமோ கிளாஸ் எல்லாரும் நல்லாத்தான் எடுப்பாங்க, அத வச்சு முடிவு பண்ணாதீங்க. என் தங்கச்சி ஏமாந்தது ஆன்சர் கீயில.

இன்ஸ்டாகிராம்ல விளம்பரம் பாத்து 7,500 ரூபா கட்டினா. தினமும் பிராக்டிஸ் செட், எழுதி அனுப்புனா டீச்சரே திருத்தித் தருவாங்க, வாரம் ஒரு டவுட் கிளாஸ்னு போட்டிருந்துச்சு. கட்டினதுக்கு அப்புறம் வந்தது ஒரு டெலிகிராம் குரூப்பும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுன பிடிஎஃப்களும்தான். டவுட் கிளாஸ் நடக்கவே இல்ல, அவ எழுதி அனுப்புன எல்லாத்துக்கும் 'குட், கீப் இட் அப்'னு ஒரே ரிப்ளை, தப்பா எழுதுனதுக்கும் அதேதான்.

இதையாவது பணம் போச்சுன்னு விட்டுடலாம். ஆனா அவ பிராக்டிஸ் செட்ட ஒரு நாள் நான் வாங்கிப் பாத்தேன், அப்பதான் வயிறு எரிஞ்சுது. கண்டிஷனல்ல, அதாவது இஃப் போட்டு எழுதுற வாக்கியத்துல, 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' சரியாம். இஃப் இருக்கிற பாதியில 'ஹேட் நோன்' வரணும், வுட் ஹேவ் அடுத்த பாதிக்குத்தான். அடுத்த கேள்வியில 'இஃப் ஐ வேர் யூ'ங்கறத தப்புன்னு போட்டு வாஸ்னு மாத்தச் சொல்லியிருக்காங்க, அது பரீட்சையில சரின்னு எடுத்துக்கிற வடிவம். பேசிவ்ல இன்னும் மோசம், 'தி ஆக்ஸிடென்ட் ஹேப்பன்ட்'டுக்குப் பேசிவ் எழுதுன்னு கேட்டு 'வாஸ் ஹேப்பன்ட்'னு ஆன்சர் குடுத்திருக்காங்க, ஹேப்பன், டை, அரைவ் மாதிரி ஆப்ஜெக்ட் எடுக்காத வெர்புக்குப் பேசிவே கிடையாது, கேள்வியே தப்பு. மோடல்ல, அதாவது கேன், மஸ்ட் மாதிரி துணை வெர்புல, 'மஸ்ட் நாட் கம்'மும் 'டோன்ட் ஹேவ் டு கம்'மும் ஒண்ணுன்னு கீ சொல்லுது, மொதல்லது வரவே கூடாது, ரெண்டாவது வரணும்னு கட்டாயமில்ல. 'கேன் ஏபிள் டு'வ கூட சரின்னு விட்டிருக்காங்க. கேள்வி வாக்கியத்துல 'கேன் யூ டெல் மி வேர் இஸ் தி பேங்க்' சரியாம், உள்ள இருக்கிற கேள்வியில இஸ் கடைசிக்குப் போகணும், 'வேர் தி பேங்க் இஸ்'.

பிரிலிம்ஸ்ல, அதாவது மொதல் கட்டப் பரீட்சையில, இங்கிலீஷ் 30 கேள்வி, 20 நிமிஷம், தப்புக்கு கால் மார்க் போகும். வாக்கியத்துல தப்பக் கண்டுபிடிக்கிற எரர் ஸ்பாட்டிங்ல வர்றது இந்த மாதிரி வாக்கியங்கதான். அதனால சும்மா படிக்காம விட்டவள விட இந்தக் கீய நம்பி மனப்பாடம் பண்ணினவளுக்கு நஷ்டம் ஜாஸ்தி, ஏன்னா அவ தயங்காம டிக் பண்ணிடுவா.

தங்கச்சி குரூப்ல மரியாதையாத்தான் கேட்டா, 'சார், இந்த ஆன்சர் கொஞ்சம் செக் பண்ணுங்க'ன்னு. 'வேற புக்கு படிச்சு கன்ஃபியூஸ் ஆகாதீங்கம்மா'ன்னு ஒரு மெசேஜ், அடுத்து குரூப்ல இருந்தே தூக்கிட்டாங்க. பணத்தத் திருப்பிக் கேட்டா பில்லுல பொடி எழுத்துல 'நான் ரீஃபண்டபிள்'னு இருக்கிறத காட்டுறாங்க. சொன்ன கிளாஸையே எடுக்காதவங்க அந்த ஒரு வரிய காட்டித் தப்பிக்கப் பாக்கிறது எனக்குத் தாங்கல.

நீங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி கண்டிஷனல், பேசிவ், மோடல், கேள்வி வாக்கியம் இந்த நாலுலயும் ஒவ்வொரு செட் கீயோட கேளுங்க, மேல சொன்ன வாக்கியங்கள அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க, ஏன் தப்புன்னு காரணம் சொல்லத் தெரியலன்னா எழுந்து வந்துடுங்க. பிராக்டிஸ் மட்டும் வேணும்னா பிரிட்டிஷ் கவுன்சிலோட லேர்ன் இங்கிலீஷ் சைட்ல பி1-பி2ங்கற நடுத்தர லெவல் கிராமர் பயிற்சி விடையோட ஃப்ரீயாவே இருக்கு, என் தங்கச்சி இப்ப அதுலதான் போட்டுப் பாக்கிறா.

ஏற்கனவே மாட்டினவங்க விளம்பர ஸ்கிரீன்ஷாட், பேமென்ட் ரசீது, சாட் எல்லாத்தையும் குரூப்ப விட்டுத் தூக்குறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க. 1915 நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், மொதல்ல அங்க புகார் குடுங்க. அதுலயும் சரியாகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே போடலாம், 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும். நாங்க 1915ல பதிவு பண்ணிட்டோம், பதில் வரலன்னா ஆணையத்துக்குத்தான் போறோம். இதே மாதிரி கீ கையில வச்சிருக்கிறவங்க கமெண்ட்ல சொல்லுங்க, சேந்து குடுக்கலாம்.