மறுபெயர் ஃபிலிம்கள்: 4×5 கேமராவில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிஸ்டா எடு அல்ட்ரா 100 என்ற பெட்டியில் வரும் 4×5 அங்குல ஷீட் ஃபிலிமும் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வருவது) ஃபோமாபான் 100 என்ற பெட்டியில் வருவதும் ஒன்றுதான். எது அன்றைக்கு மலிவோ, அதை வாங்குங்கள். பல ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். என் நெகட்டிவ் உறைகளில் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று குறிக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டேன்.

இதை வாய்வழிச் செய்தியாக நம்பி எழுதவில்லை. ஸ்டவுஃபர் நிறுவனத்தின் 21 படி அளவுகோலை (படிப்படியாகக் கருமை கூடும் பட்டை) இரண்டு ஃபிலிம்களின் மீதும் வைத்து, ஒரே ஒளியில் எக்ஸ்போஸ் செய்து, ஒரே ட்ரேயில் ஒன்றாக டெவலப் செய்தேன். அடையாளத்துக்கு ஒன்றின் மூலையை மட்டும் கத்தரித்திருந்தேன். காய்ந்த பிறகு ஒளிப்பெட்டியில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கத்தரித்த மூலையைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இருட்டில் விரலால் தடவி ஃபிலிமை அடையாளம் காண உதவும் ஓர வெட்டுகளும் ஒன்றே. டெவலப்பருக்கு முன் ஊறவைக்கும் தண்ணீர் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் வெளியேறுவதும் இரண்டிலும் அப்படியே. முதன்முறை அந்தத் தண்ணீரைக் கொட்டுபவர்கள் பயந்துவிடுவார்கள். ஃபிலிமின் ஊடே சென்று திரும்பும் ஒளியைத் தடுக்கப் பூசப்படும் சாயம் அது. கரைந்து போகத்தான் வேண்டும்.

ஃபிலிம் பூசும் இயந்திரத்தைச் சிறிதளவுக்கு ஓட்ட முடியாது. ஒரு முறை ஓட்டினால் அகலமான பெரும் சுருள்கள் வரும். அவற்றை வெட்டி விற்றாக வேண்டும். சொந்தப் பெயரில் விற்றது போக மீதியை வேறு பெயரில் விற்க ஒரு கடை முன்வந்தால் ஆலைக்கும் லாபம், கடைக்கும் லாபம். ஒரே ஆலையில் அரைத்த அரிசி இரண்டு கடைகளின் பைகளில் வருவதைப் போலத்தான். இங்கே ஆலை, 1921-இல் தொடங்கப்பட்ட ஃபோமா. செக் குடியரசின் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே நகரில் இருக்கிறது. அரிஸ்டா என்ற பெயரில் விற்கும் கடை, கலிஃபோர்னியாவின் ஃப்ரீஸ்டைல். புகைப்படம் கற்கும் மாணவர்களை மனத்தில் வைத்துத்தான் பெயரில் 'எடு' (எஜுகேஷன் என்பதன் சுருக்கம்) சேர்ந்தது.

ஆனால் பெட்டியின் பெயரை நம்பிக் குறிப்பு எழுதுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 'அல்ட்ரா' என்ற சொல் இல்லாத பழைய அரிஸ்டா எடு, ஃபோமா அல்ல. ஹங்கேரியின் வாட்ஸ் நகரில் இருந்த ஃபோர்டே ஆலையின் ஃபிலிம். ஃபோர்டே 2007-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய டெவலப் நேர அட்டவணைகளில் அந்த இரண்டும் அருகருகே கிடக்கின்றன; பெயரில் ஒரே ஒரு சொல்தான் வேறு, உள்ளே முற்றிலும் வேறு எமல்ஷன், அதாவது ஒளியை உணரும் பூச்சு. பிரான்சின் பெர்கர் நிறுவனத்தின் கதையும் இதுவே. அவர்களுடைய பழைய பிபிஎஃப் 200 ஃபோர்டேயிலிருந்து வந்தது. இப்போதைய பான்க்ரோ 400 இரண்டு எமல்ஷன்களைக் கலந்து புதிதாகச் செய்த ஃபிலிம். இரண்டுக்கும் உறவே இல்லை.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. கோடாக்கின் டிரை-எக்ஸ், 35 மி.மீ. சுருளில் 400, ஷீட்டில் 320. ஏதோ ஒளியை உணரும் வேகத்தைச் சற்றுக் குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வேறு ஃபிலிம். ஒளிக்கேற்ப நெகட்டிவ் கருமையாவதைக் காட்டும் வளைவு, 320-இல் வெளிச்சப் பகுதிகளில் மேல்நோக்கி ஏறும். ஸ்டூடியோ விளக்கில் முகங்களை எடுப்பவர்கள் அதை விரும்பியதற்கு அதுதான் காரணம். 35 மி.மீ. அனுபவத்தை வைத்து ஷீட் ஃபிலிமுக்குத் தீர்ப்புச் சொல்பவர்களை நான் பொருட்படுத்தாததற்கும் அதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சிறிய கேமராக்காரர்கள் முதலில் கேட்பது, படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் மணித்துகளைப் பற்றி. 4×5 நெகட்டிவை 16×20 அங்குலத் தாளுக்குப் பெரிதாக்கினால் அது நான்கு மடங்குதான். அந்த அளவில் ஃபோமாபான் 100-இன் மணித்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். எனவே மணித்துகளுக்காக இரு மடங்கு விலை கொடுப்பதில் பெருவடிவத்தில் (4×5-உம் அதற்கு மேலும்) பொருளில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: நிழலில் உண்மையான வேகம் என்ன, நீண்ட எக்ஸ்போஷரில் என்ன ஆகிறது, ஈரத்தில் எமல்ஷன் எவ்வளவு உறுதி.

வேகம்: பெட்டியில் 100 என்று இருந்தாலும் டி-76 டெவலப்பரில் நான் 64 என்று வைத்துத்தான் அளக்கிறேன். 100 என்று எடுத்தாலும் படம் வரும். மரத்தடியின் கருமைக்குள் இருக்கும் பட்டையின் வரிகள்தாம் வராது. 64-இல் நிழல்கள் நிமிர்ந்து நிற்கின்றன, நடுச்சாயல்கள் பழைய காலத்து ஃபிலிம்களின் மென்மையோடு விரிகின்றன. இந்த ஃபிலிமை நான் விடாமல் வைத்திருப்பது விலைக்காக மட்டுமல்ல, இந்த நடுச்சாயல்களுக்காகவும்தான்.

நீண்ட எக்ஸ்போஷரில்தான் உண்மையான விலை தெரியும். ஒளி குறைவாக, நேரம் அதிகமாக ஆகும்போது எல்லா ஃபிலிமும் கொஞ்சம் சோர்ந்துபோகும். ரெசிப்ராசிட்டி என்று சொல்வது இதைத்தான். ஃபோமா 100 கொஞ்சமாகச் சோர்வதில்லை. ஆலையே தரும் அட்டவணைப்படி, மீட்டர் 1 விநாடி சொன்னால் 2 விநாடி கொடுக்க வேண்டும். 10 விநாடி என்றால் எட்டு மடங்கு, அதாவது 80. 100 விநாடி என்றால் பதினாறு மடங்கு. கடைசிக் கணக்கு 1,600 விநாடி, கிட்டத்தட்ட 27 நிமிடம்.

பெருவடிவத்தில் இது அரிதாக வரும் சிக்கல் அல்ல, அன்றாடச் சிக்கல். ரெட்வுட் காட்டின் நிழலில், எஃப்/32 என்ற சிறிய லென்ஸ் துவாரத்தில், மஞ்சள் ஃபில்டர் போட்டு, கிட்டத்தில் இருக்கும் பெரணிக்காகக் கேமராவின் துருத்தியான பெல்லோஸை நீட்டினால் 10 விநாடி சாதாரணமாக வந்துவிடும். அந்த 80 விநாடிக்குள் ஒரு பெரணி இலையாவது அசையாமல் இருக்கப்போவதில்லை. அதே 10 விநாடிக்கு இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ், அவர்கள் வெளியிட்டிருக்கும் சூத்திரத்தின்படி, 18 விநாடி கேட்கும். கோடாக் டி-மேக்ஸ் 100-க்கு 15 போதும். இப்படி நேரத்தை நீட்டும்போது வெளிச்சப் பகுதிகள் நிழலை முந்திக்கொண்டு கனத்துவிடும் என்பதால் டெவலப் நேரத்தையும் குறைக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் ஹோல்டர்களில் (ஷீட்டைக் கேமராவில் பொருத்தும் சட்டங்கள்) ஒரு பிரிவினை இருக்கிறது. கடற்கரை, கட்டடங்கள், வெயிலில் எடுக்கும் எதற்கும் அரிஸ்டா. காட்டுக்கும் வீட்டின் உட்பகுதிகளுக்கும் எஃப்பி4. நான் வாங்கும்போது ஒரு ஷீட்டுக்கு அரிஸ்டாவின் விலை எஃப்பி4-இன் விலையில் ஏறக்குறைய பாதிதான் வரும். ஆனால் ஒரு மணி நேரம் மலையேறிப் போய் எடுக்கும் ஒரே ஷீட்டில் அந்தப் பாதி விலையை மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈரத்தில் ஃபோமாவின் எமல்ஷன் மென்மையானது. ட்ரேயில் ஆறு ஷீட்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் மாற்றி மாற்றி அடுக்கும் முறைக்கு எஃப்பி4 தாங்கும். ஃபோமாவுக்கு நான் அந்த முறையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒவ்வொரு ஷீட்டும் தனித்தனியே நிற்கும் டேங்க் சட்டமோ, சுழலும் டிரம்மோ நல்லது. கோடையில் குழாய்த் தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டும் வீடுகளில் எல்லாத் தொட்டிகளையும் ஒரே வெப்பத்துக்குக் கொண்டுவருவது இன்னும் முக்கியம். கடுமையான ஸ்டாப் பாத்தை (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல்) நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரால் அலசத் தொடங்கியதிலிருந்து வானத்தில் ஊசித்துளைப் புள்ளிகள் குறைந்திருக்கின்றன. அதற்கு அதுதான் காரணமா, ஹோல்டர்களைத் தூசி தட்டப் பழகியதா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

ஃபோமா வரிசையில் உள்ள மற்ற இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. 200, மூன்றிலும் நுட்பமான ஃபிலிம். 125 என்று அளந்தால் நன்றாக வேலை செய்யும். 400-க்கு என் அளவில் 200-க்குமேல் நிழல் கிடைக்கவில்லை. 200 வேகத்துக்கு 400 என்று எழுதிய பெட்டி எதற்கு? உண்மையிலேயே 400 வேண்டும் என்றால் இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் வாங்கிவிடுங்கள். கையில் பிடித்து எடுக்கும் பழைய ப்ரெஸ் கேமராக்காரர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை.

எல்லா மறுபெயரும் மலிவு விற்பனைக்காக என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியின் மாக்கோ நிறுவனம் ரோலை என்ற பெயரில் விற்கும் இன்ஃப்ராரெட் 400, பெல்ஜியத்தின் மோர்ட்செல் நகரில் ஆக்ஃபா-கெவர்ட் பூசும் விமான வரைபட ஃபிலிமின் வழிவந்தது. வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும்போது மூட்டத்தைத் துளைக்க வேண்டும். அதற்காகவே அதன் உணர்திறன் சிவப்பையும் தாண்டி அகச்சிவப்பின் விளிம்புவரை நீளுகிறது. அந்த ஃபிலிமை நாம் ஆலையில் நேரடியாக வாங்க முடியாது. 4×5 அளவில் வெட்டிப் பெட்டியில் போட்டுத் தருவதற்குத்தான் அங்கே காசு கொடுக்கிறோம், அது நியாயமான காசு. 720 நானோமீட்டர் ஃபில்டரோடு ஐஎஸ்ஓ 12 என்று வைத்து நான் தொடங்குகிறேன். இலைகள் வெண்மையாகவும் வானம் கரியாகவும் வரும். ஃபில்டர் இல்லாமலேகூட இது சிவப்பை வெளிறச் செய்யும். உதடுகள் காணாமல் போகும். முகம் எடுக்க வேண்டாம்.

புதிதாக 4×5 தொடங்குபவர் முதல் ஐம்பது ஷீட்டுகளை அரிஸ்டாவிலோ ஃபோமாவிலோ செலவழிக்கலாம். ஹோல்டரின் மூடியான டார்க் ஸ்லைடை இழுக்க மறப்பதும் ஃபிலிமைத் தலைகீழாக ஏற்றுவதும் அந்த ஐம்பதுக்குள் நடந்துமுடிவது நல்லது. குறிப்பேட்டில் மட்டும் கடையின் பெயரை எழுதாமல் ஆலையின் பெயரையும், பெட்டியின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எமல்ஷன் எண்ணையும் எழுதிவையுங்கள். எமல்ஷன் எண் மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு ஷீட்டைப் படி அளவுகோலுக்குக் கொடுத்துவிடுகிறேன். இதுவரை பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை, ஆனாலும் அந்த ஒரு ஷீட்டைச் செலவழிக்கத் தயங்குவதில்லை.