கார்ன்வாலில் பூக்களைக் காண: பள்ளத்தாக்குத் தோட்டமா, பாறைக் கரையா?

இங்கிலாந்தின் தென்மேற்கில் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் கார்ன்வாலுக்குப் பூக்களைப் பார்ப்பதற்கென்றே செல்பவர், பள்ளத்தாக்குகளில் அமைந்த பழைய மாளிகைத் தோட்டங்களுக்குப் போவதா, கடலோரப் பாறை முகடுகளில் தாமாகப் பூக்கும் காட்டுச் செடிகளைத் தேடி நடப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். கடல் தரும் வெதுவெதுப்பால் கடும் உறைபனி இங்கு அரிது என்பது இரண்டுக்குமே சாதகம். காற்றைப் பொறுத்தவரை இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள்.

தோட்டங்களுக்குக் காற்றே முதல் எதிரி. ஹெல்ஃபோர்ட் ஆற்றை நோக்கி இறங்கும் செங்குத்தான பள்ளங்களில் ட்ரீபா, கிளென்டர்கன் ஆகிய தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டில் ஃபாக்ஸ் குடும்பத்தார் உருவாக்கியதற்கு அந்தப் பள்ளங்கள் தரும் மறைப்பு முக்கியக் காரணம். மறைப்பு போனால் என்ன ஆகும் என்பதற்கு கார்ன்வாலுக்குத் தென்மேற்கே கடலில் உள்ள சில்லி தீவுகளின் டிரெஸ்கோ தோட்டமே சான்று. 1834இல் அத்தீவுகளின் பொறுப்பை ஏற்ற அகஸ்டஸ் ஸ்மித், மரவேலி வளர்த்து, அதன் மறைவில் தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியச் செடிகளைத் திறந்த வெளியிலேயே வளரச் செய்தார். 1987 ஜனவரியில் வந்த பனி செடிகளில் பெரும்பகுதியைக் கொன்றது. 1990 ஜனவரிப் புயல் காற்றுத்தடுப்பு மரங்களைச் சாய்த்தது. இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு மீண்டும் நடப்பட்டது.

வசந்தத்தின் தொடக்கத்தில் தோட்டங்களுக்குப் போட்டியே இல்லை. கேர்ஹேஸ் கோட்டையில் மார்ச் மாதத்தில், இலை துளிர்க்கும் முன்பே பெரிய மரம் முழுவதும் மக்னோலியா பூத்து நிற்கும். சீனாவில் விதை சேகரித்த ஜார்ஜ் ஃபாரஸ்டுக்குப் பொருளுதவி செய்த, இக்கோட்டையின் உரிமையாளராக இருந்த ஜே. சி. வில்லியம்ஸ், அவ்விதைகளிலிருந்து வந்த ஒரு கமேலியா இனத்தை ஜப்பானியக் கமேலியாவோடு கலந்து உருவாக்கிய செடிகள் இன்று உலகெங்கும் வளர்கின்றன. அவை பிறந்த இடத்தில் அவற்றைப் பார்ப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்த மாதத்தில் பாறைக் கரையில் மஞ்சள் கோர்ஸ் புதரைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இராது.

மே மாதத்தில் நிலைமை தலைகீழாகிறது. உப்புக் காற்று உயரமான புதர்களை அண்ட விடாததால், திரிஃப்ட் என்னும் இளஞ்சிவப்புப் பூச்செடி மெத்தை போலத் தரையோடு ஒட்டிப் பாறை விளிம்புகளை நிறைக்கிறது. இடையிடையே நீல ஸ்குவில் பூக்களும் வெள்ளைக் கடல் கேம்பியன் பூக்களும் தெரியும். கார்ன்வாலின் தென்முனையான லிசர்ட் தீபகற்பத்தில் காற்றோடு பாறையும் சேர்ந்து வேலை செய்கிறது. மக்னீசியம் மிகுந்த செர்பென்டைன் பாறை பல செடிகளுக்கு ஒவ்வாது. அதைத் தாங்கும் கார்னிஷ் ஹீத் என்னும் குறும்புதர், பிரிட்டன் தீவில் இயற்கையாகப் பரந்து வளர்வது இங்குதான். ஆகஸ்டில் கைனன்ஸ் கோ என்னும் சிறு கடல்வளைவின் மேலுள்ள சமவெளியை அது வெளிர் ஊதாவாக்கும். என் தனிப்பட்ட சாய்வு இந்தப் பக்கமே: நட்டவரின் ரசனையைவிட, நிலத்தின் காரணகாரியத்தைப் பூவில் படிப்பது எனக்குச் சுவையாக இருக்கிறது.

இரண்டும் தனித்தனி உலகங்கள் என்று எண்ணிவிடவும் முடியாது. அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட தென்னாப்பிரிக்கக் கார்ப்போபுரோட்டஸ் கொடி லிசர்ட் பாறைகளில் படர்ந்து, அரிய சிறுசெடிகளை மூடிவிடுகிறது. அதன் பூவோ கண்ணைப் பறிக்கும் அழகு.

செலவும் உடல்நிலையும் சிறு விஷயங்கள் அல்ல. தோட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனால் போடப்பட்ட பாதையும் அமர இருக்கையும் கிடைக்கும். 630 மைல் நீளமுள்ள தென்மேற்குக் கடலோர நடைபாதைக்குக் கட்டணமில்லை என்றாலும், விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் பல; மழையில் செர்பென்டைன் பாறை மிகவும் வழுக்கும். காட்டுச் செடியை நில உரிமையாளரின் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரே பயணம்தான் இயலும் என்பவர் மே நடுப்பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மக்னோலியா முடிந்திருக்கும், ஆயினும் தோட்டங்களில் ரோடோடென்ட்ரான் புதர்களின் பூக்கள் மிச்சமிருக்கும், திரிஃப்ட் விரியத் தொடங்கியிருக்கும். கிளென்டர்கன் ஹெல்ஃபோர்ட் ஆற்றின் வடகரையிலும் லிசர்ட் அதன் தெற்கிலும் இருப்பதால், காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பார்த்துவிடலாம்.